சுமாகோ: நெடுஞ்சாலை கைவிட்ட சாவடி ஊர்

ஜப்பானின் நாகானோ மாகாணத்தில், கிசோ பள்ளத்தாக்கின் தென்கோடியில் இருக்கும் சுமாகோவுக்குப் போகிறவர்கள் ஷோகன் எனப்பட்ட படைத்தலைவர்கள் நாட்டை ஆண்ட எடோ காலத்துத் தெரு ஒன்றைப் பார்க்கப்போவதாகவே நினைத்துக்கொண்டு போகிறார்கள். போய்ச் சேர்ந்த பிறகும் அந்த நினைப்பைக் குலைக்க அங்கே எதுவும் இல்லை. மின்கம்பம் கண்ணில் படாது, பகல் நேரத்தில் கார் வராது, அஞ்சலகத்து வாசலில் நிற்கும் தபால் பெட்டிகூடப் பழைய பாணியில் செய்த கருப்பு மரப்பெட்டிதான். ஆனால் எடோ காலம் 1868இல் முடிந்துவிட்டது. அந்தத் தெருவில் எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் ஓக்குயா என்ற பெரிய வீடு 1877இல் கட்டப்பட்டது. அதைவிட மேலான தகுதி பெற்றிருந்த பிரபுக்களின் விடுதியோ, பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு 1995இல் புதிதாக எழுப்பப்பட்டது. இதைச் சொல்வது ஊரைப் போலி என்று தள்ளுவதற்காக அன்று. சுமாகோவில் பார்க்க வேண்டியது பழமை மட்டுமன்று. ஓர் ஊர் எதற்காக உண்டாக்கப்பட்டது, எதனால் கைவிடப்பட்டது, பிறகு யார் என்ன முடிவெடுத்து அதைக் காப்பாற்றினார்கள் என்ற மூன்று வேறு கதைகளும் அந்த ஒரே தெருவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போனால், கையில் மிஞ்சுவது அழகான புகைப்படங்கள் மட்டுமே.

இத்தகைய ஊர்களை ஜப்பானியர் ஷுகுபா என்கிறார்கள். தங்கும் இடம் என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் இதை post town என்பதால், அந்த வழியாகக் கேள்விப்படுகிறவர்கள் தபாலோடு தொடர்புடைய ஊர் என்று நினைத்துக்கொள்வதுண்டு. கடிதம் சுமந்த அஞ்சலோட்டக்காரர்களும் இந்த வழியில் ஓடினார்கள் என்பது உண்மையே. ஆனால் ஊரின் வேலை அதைவிட மிகப் பெரியது. நம் மொழியில் சாவடி என்ற சொல்தான் இதற்கு ஓரளவு பொருந்துகிறது. சத்திரம் என்று சொன்னால் தர்மத்துக்காகக் கட்டியது என்ற எண்ணம் வந்துவிடும். ஷுகுபாவில் தர்மம் எதுவும் இல்லை. அது அரசாங்கம் ஊர் மக்கள்மேல் சுமத்திய கடமை.

1600இல் செகிகஹாரா போரில் வென்ற டோக்குகாவா இயேயாசு, ஷோகன் பட்டம் ஏற்பதற்கு முன்பே சாலைகளில் கைவைத்தார். 1601இல் கடலோரமாகச் செல்லும் டோக்கைடோவிலும், அடுத்த ஆண்டு மலைகளின் ஊடே செல்லும் நாகாசெண்டோவிலும் சாவடி ஊர்கள் குறிக்கப்பட்டன. இரண்டும் எடோவையும் (இன்றைய டோக்கியோ) கியோட்டோவையும் இணைத்தவை. டோக்கைடோவில் 53 நிலைகள். நாகாசெண்டோவில், கியோட்டோவை நெருங்கும்போது டோக்கைடோவுடன் சேர்ந்துகொள்ளும் பகுதியையும் கணக்கிட்டு, 69 நிலைகள். ஏறத்தாழ 530 கிலோமீட்டர் நீளமுள்ள மலைவழியில் சராசரியாக எட்டுக் கிலோமீட்டருக்கு ஓர் ஊர் என்று ஆகிறது. எடோவிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் சுமாகோ 42ஆவது, அதற்கு அடுத்த மாகோமே 43ஆவது.

இந்த எட்டுக் கிலோமீட்டர் கணக்குக்குப் பின்னால் ஒரு விதி இருந்தது. ஓர் ஊரின் குதிரையும் சுமைகூலியும் அடுத்த ஊர் வரைக்கும்தான் போக வேண்டும். அங்கே மூட்டையை இறக்கி, அந்த ஊர்க் குதிரையின்மேல் ஏற்றிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். ஆகவே ஒரு பெட்டி எடோவிலிருந்து கியோட்டோ போய்ச் சேருவதற்குள் அறுபது எழுபது முறை குதிரை மாறியது. ஒவ்வொரு ஊரிலும் டோன்யா எனப்பட்ட பொறுப்பாளர் இதற்கெல்லாம் கணக்கு வைத்துக்கொண்டு, எந்தப் பிரபு எப்போது வருகிறார், எத்தனை ஆள் வேண்டும், எத்தனை குதிரை வேண்டும் என்று பார்த்து ஏவல் செய்தார். டோக்கைடோவில் ஒவ்வொரு ஊரும் 100 ஆட்களையும் 100 குதிரைகளையும் எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும். நாகாசெண்டோவில் 50 ஆட்கள், 50 குதிரைகள். கிசோவின் பதினொரு ஊர்கள் நெல் விளையாத மலைநிலத்தில் இருந்ததால் அவற்றுக்கு மட்டும் அது 25 ஆகக் குறைக்கப்பட்டது. ஷோகனின் சிவப்பு முத்திரைச் சீட்டோடு வருகிறவருக்கு ஆளும் குதிரையும் இலவசம். மற்ற உத்தியோகப் பயணிகளுக்கு அரசு விதித்த கூலி, அதுவும் சந்தைக் கூலியைவிடக் குறைவு. பதிலுக்கு ஊர்க்காரர்களுக்கு மனைவரி தள்ளுபடியும், பயணிகளைத் தங்கவைத்துச் சம்பாதிக்கும் உரிமையும் கிடைத்தன.

1635இல் மூன்றாம் ஷோகன் இயேமித்சு, பிரபுக்கள் ஓராண்டு எடோவிலும் ஓராண்டு சொந்த நாட்டிலும் மாறிமாறி இருக்க வேண்டும் என்று சட்டமாக்கியதும் சாலைகளின் முகமே மாறிவிட்டது. பிரபு தனியாக வரமாட்டார். ஈட்டிக்காரர்கள், பல்லக்குத் தூக்கிகள், சமையற்காரர்கள், குளிக்கும் தொட்டி உட்படச் சாமான்கள் எல்லாம் கூடவே வரும். அவர் தங்குவதற்கென்று ஒதுக்கப்பட்ட வீடு ஹோன்ஜின். ஒரே நாளில் இரண்டு பிரபுக்கள் வந்துவிட்டால் மற்றவருக்கு வாக்கி-ஹோன்ஜின் என்ற துணை விடுதி. சாதாரணப் பயணிகள் ஹாத்தாகோ என்ற விடுதிகளில் இருவேளை உணவோடு தங்கினார்கள். அதற்கும் வழியில்லாதவர்களுக்குக் கிச்சின்-யாடோ இருந்தது. அந்தப் பெயருக்கு விறகுக் காசு விடுதி என்று பொருள். அரிசியைத் தானே கொண்டுவந்து, எரிக்கும் விறகுக்கு மட்டும் காசு கொடுத்துப் பொங்கித் தின்றுவிட்டு, பாய் விரித்த ஒரே அறையில் முன்பின் தெரியாதவர்களோடு படுத்துக்கொள்வது. சுமாகோவின் தென்பகுதியில் மேல்-சாகாயா என்ற அத்தகைய விடுதி ஒன்று பழைய அமைப்பிலேயே திருப்பிக் கட்டிக் காட்டப்பட்டிருக்கிறது. உள்ளே பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதுதான் அதன் சிறப்பு. நான் ஒருவருக்கு வழிகாட்டுவதாக இருந்தால் பிரபு மாளிகைக்கு முன்னால் இங்கேதான் கூட்டிக்கொண்டு போவேன்.

1843இல் எடுத்த கணக்கில் சுமாகோவில் 83 வீடுகள், 418 பேர், 31 ஹாத்தாகோக்கள் என்று பதிவாகியிருக்கிறது. ஏறக்குறைய மூன்று வீட்டுக்கு ஒரு விடுதி. இந்தச் சிற்றூரா பிரபுக்களின் பரிவாரத்துக்கு ஆளும் குதிரையும் கொடுத்துச் சமாளித்தது என்று கேட்டால், தனியாகச் சமாளிக்கவில்லை என்பதுதான் விடை. சுகேகோ என்ற ஏற்பாட்டின்படி, சுற்றுவட்டாரக் கிராமங்கள் சாவடிக்கு ஆளும் குதிரையும் அனுப்பக் கடமைப்பட்டிருந்தன. நடவு நேரமாக இருந்தாலும் அறுவடை நேரமாக இருந்தாலும் அழைப்பு வந்தால் போயாக வேண்டும். அந்தச் சுமை எவ்வளவு கனத்தது என்பதற்கு 1764ஆம் ஆண்டு முடிவில் நாகாசெண்டோவின் கிழக்குப் பகுதியில் வெடித்த கலகமே சாட்சி. சுகேகோவை இன்னும் பல கிராமங்களுக்கு விரிக்கும் திட்டத்தை எதிர்த்து முசாஷி, கோசுகே பகுதிகளின் விவசாயிகள் பெருந்திரளாக எடோவை நோக்கிக் கிளம்பினார்கள்; ஷோகன் அரசு திட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இந்தச் சாலைகளின் வரலாற்றில் சுற்றுலாக் கையேடுகள் அதிகம் தொடாத இன்னொரு பக்கமும் உண்டு. பல ஊர்களின் ஹாத்தாகோக்களில் சோறு பரிமாறும் பெண்கள் என்ற பெயரில், வறுமையால் விற்கப்பட்ட பெண்கள் விலைமகளிராக இருந்தார்கள். விடுதி ஒன்றுக்கு இருவருக்குமேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1718இல் அரசு உத்தரவு போட்டது. உத்தரவு போட்டது ஒழிப்பதற்காக அன்று, எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதற்காக.

ஆகவே சுமாகோவில் இன்று நம்மை மயக்கும் அந்த அமைதி இருக்கிறதே, அதுதான் அங்கே எடோ காலத்துக்கு மிகவும் ஒவ்வாத பொருள். குதிரைச் சாணமும், டோன்யாவின் அதட்டலும், வாசலில் நின்று வழிப்போக்கரை விடுதிக்குள் அழைக்கும் குரல்களுமாக இருந்த தெரு அது. 1861இல் பேரரசரின் தங்கை கசுனோமியா, ஷோகன் இயேமோச்சியை மணந்துகொள்வதற்காகக் கியோட்டோவிலிருந்து இந்த வழியாகத்தான் போனார். அவருடைய ஊர்வலம் ஓர் ஊரைக் கடந்து முடியவே நாட்கணக்கில் ஆனது. கரைபுரளும் ஆறுகளால் டோக்கைடோவில் பயணம் நாள்கணக்கில் தடைபடுவது வழக்கம் என்பதால், மலையேற்றம் இருந்தாலும் பெரிய ஆற்றுக் கடவைகள் குறைந்த நாகாசெண்டோவை அரச குலத்துப் பெண்களின் பயணத்துக்குத் தேர்ந்தெடுப்பது வழக்கமாக இருந்தது.

இவ்வளவு பரபரப்பான ஊர் ஓய்ந்துபோக ஐம்பது ஆண்டுகூட ஆகவில்லை. ஷோகன் ஆட்சி போனபின் பேரரசரின் பெயரில் அமைந்த மெய்ஜி அரசு 1872இல் சாவடி முறையைக் கலைத்தது. 1892இல் கிசோ ஆற்றங்கரையை ஒட்டிப் புதிய சாலை வந்து, மாகோமே கணவாயையும் சுமாகோவையும் ஓரங்கட்டியது. 1909இல் இரயில் வந்தது. அதுவும் ஆற்றங்கரையோடு போயிற்று. நிலையம் பக்கத்து ஊரான மிதோனோவில் அமைந்தது (இன்றைய நாகிசோ நிலையம் அதுதான்). 1911இல் சூவோ பாதை முழுவதும் இணைந்தபோது சுமாகோவின் வழியாக எங்கும் போக வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லாமல் போயிற்று. டோக்கைடோவின் கதி நேர்மாறானது: அதன்மேலேயே இரயிலும் நெடுஞ்சாலையும் தொழிற்சாலைகளும் வந்து உட்கார்ந்தன, மியே மாகாணத்துச் சேகி போன்ற ஒன்றிரண்டைத் தவிர அந்தச் சாலையின் பழைய ஊர்கள் அடையாளம் தெரியாமல் கரைந்துவிட்டன. முன்னேற்றம் வந்த இடத்தில் பழைய தெரு போயிற்று; வராத இடத்தில் நின்றது. இடித்துக் கட்டக் கையில் காசு இல்லாததால்தான் சுமாகோவின் வீடுகள் தப்பின என்று சொன்னால் அது மிகையாகாது. பக்கத்து மாகோமேயை வறுமையோ வளமையோ தொடுவதற்கு முன்பு தீ தொட்டுவிட்டது. 1895இலும் 1915இலும் எரிந்து, இன்று கல் பாவிய சரிவில் நாம் பார்க்கும் மாகோமே பெரும்பாலும் அதற்குப் பிறகு கட்டியது.

ஆனால் வறுமை ஒரு வீட்டைக் கொஞ்ச காலம்தான் காப்பாற்றும். 1960களில் கூரை இடிந்து சுவர் சாய்ந்த வீடுகள் இருந்தன. இளைஞர்கள் நாகோயா போன்ற நகரங்களுக்குப் போய்விட்டார்கள். அந்த நிலையில் ஊர்க்காரர்கள் சிலர் வீடுகளில் கிடந்த பழைய ஆவணங்களையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் சேர்க்கத் தொடங்கினார்கள். 1967இல் ஓக்குயா அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மெய்ஜி ஆட்சி தொடங்கிய நூறாம் ஆண்டையொட்டி நாகானோ மாகாணம் தந்த பணத்தில், கோயிலுக்குக் கீழே இருக்கும் தெராஷிதா பகுதியின் வீட்டுவரிசையைப் பழுதுபார்க்கும் வேலை தொடங்கியது. கட்டடக்கலை வரலாற்றறிஞர் ஓத்தா ஹிரோத்தாரோ இதற்கான ஆய்வை நடத்தினார். அந்நாள் வரைக்கும் ஜப்பானில் காப்பதென்றால் ஒரு கோயில், ஒரு கோட்டை, ஒரு செல்வரின் மாளிகை என்று தனித்தனிக் கட்டடங்களைத்தான் காத்தார்கள். சாதாரண மக்களின் வீடுகளை, தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லாதவற்றை, ஒரு வரிசையாக வைத்துக் காக்கலாம் என்பது அப்போது புதிய சிந்தனை. 1975இல் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. 1976இல் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட ஏழு பாதுகாப்பு வட்டாரங்களில் சுமாகோவும் ஒன்று. காக்கப்பட்ட பரப்பு ஏறத்தாழ 1,245 ஹெக்டேர். நடந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும் தெருவுக்கு இவ்வளவு பரப்பு எதற்கென்றால், தெருவில் நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் மலைச்சரிவுகளையும் அதற்குள் சேர்த்துவிட்டார்கள். வீட்டைக் காத்துவிட்டு அதன் பின்னால் இருக்கும் காட்டில் கான்கிரீட் விடுதி எழும்ப விட்டால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே யோசித்த வேலை அது.

சட்டத்துக்கு முன்பே ஊர் தனக்கென ஒரு சாசனத்தை எழுதிக்கொண்டிருந்தது. 1971இல் குடியிருப்போர் ஏற்றுக்கொண்ட அதன் சாரம் மூன்றே சொற்கள்: விற்காதே, வாடகைக்கு விடாதே, இடிக்காதே. இடிக்காதே என்பது எல்லோருக்கும் விளங்கும். முதல் இரண்டில்தான் ஊரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. சுற்றுலா வளரத் தொடங்கினால் வெளியூர்ப் பணம் வந்து வீடுகளை வாங்கும், வீட்டு முகப்பு அப்படியே இருக்க உள்ளே இருந்த குடும்பம் மட்டும் மாறிவிடும் என்பதைக் கண்டுகொண்டு, அந்தக் கதவை முதலிலேயே சாத்திவிட்டார்கள். மின்கம்பிகளை வீடுகளின் பின்புறத்துக்கு மாற்றியதும், பகலில் தெருவுக்குள் வண்டி வரக்கூடாது என்று விதித்ததும், ஊர் எல்லையிலுள்ள வாகன நிறுத்தத்தில் வசூலாகும் பணத்தைப் பாதுகாப்புக்கே செலவிடுவதும் அந்த முடிவின் தொடர்ச்சிதான். இதற்கு விலையும் உண்டு. விற்கவும் முடியாது, வாடகைக்கு விடவும் முடியாது என்றால், பிள்ளைகள் நகரத்தில் தங்கிவிட்ட வீட்டில் கடைசி முதியவர் கண்ணை மூடியதும் அந்தக் கதவைத் திறப்பது யார்? சுமாகோவைத் தன்னுள் கொண்ட நாகிசோ முழுவதிலுமே இப்போது சுமார் 4,000 பேர்தான். வெளியாரை வராமல் தடுத்து ஊரைக் காத்த விதி, ஊருக்குள் வரவேண்டியவர்களையும் தடுக்கத்தான் செய்யும். என் கருத்தில் 1971இல் அது சரியான விதி. இனிமேலும் அப்படியே போதுமா என்பது அங்கே வாழ்கிறவர்கள் தீர்க்க வேண்டிய வழக்கு.

இவையெல்லாம் தெரிந்தபின் தெருவில் நடப்பது வேறு அனுபவம். ஊரின் நடுவே சாலை திடீரென்று செங்கோணமாகத் திரும்பி, கல்படியில் இறங்கி, மறுபடியும் திரும்புகிறது. மாசுகாத்தா என்று பெயர். படை ஒன்று வந்தால் நேராகப் பாய முடியாதபடி வேண்டுமென்றே வைத்த வளைவு. பல ஊர்களில் வண்டிப் போக்குவரத்துக்காக இதை நேராக்கிவிட்டார்கள். சுமாகோவில் நேராக்கத் தேவை வரவில்லை. வீடுகளின் முகப்பு குறுகி, உட்புறம் நீண்டுகொண்டே போவதற்கும் காரணம் உண்டு: சாவடிக் கடமையைத் தெருமுகப்பின் அகலத்தை வைத்துத்தான் பங்கிட்டார்கள். சில கூரைகளில் பலகைகளின்மேல் கற்களை வரிசையாக வைத்திருப்பார்கள். அலங்காரமென்று நினைக்க வேண்டாம். ஆணியடிக்காமல் பரப்பிய பலகைகளைக் காற்று தூக்காமல் இருக்கக் கல். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கல்லை எடுத்துவிட்டுப் பலகையைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். மேலே கோதொக்குஜி கோயிலில் சக்கரம் வைத்த பல்லக்கு ஒன்று இருக்கிறது. தோளில் தூக்க ஆள் கிடைக்காமல் போகும்போது மனித மூளை எப்படி வேலை செய்யும் என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஓக்குயாவுக்குள் கொஞ்சம் நேரம் ஒதுக்க வேண்டும். கிசோ காடுகள் ஒவாரி பிரபுக் குடும்பத்தின் வசம் இருந்த காலத்தில் ஹினோக்கி என்ற ஜப்பானிய சைப்ரஸ் உட்பட ஐந்து வகை மரங்களை மக்கள் தொடக்கூடாது; ஒரு மரத்துக்கு ஒரு தலை என்பது அங்கே வழங்கிய பேச்சு. காட்டின் நடுவே வாழ்ந்துகொண்டு காட்டின் நல்ல மரத்தில் வீடு கட்ட முடியாத மக்கள் அவர்கள். ஆட்சி மாறித் தடை நீங்கியதும், வாக்கி-ஹோன்ஜின் நடத்தி வந்ததோடு சாக்கே என்ற அரிசி மதுவும் தயாரித்துவந்த ஹயாஷி குடும்பம் முழுக்க ஹினோக்கியாலேயே இந்த வீட்டை எழுப்பியது. 1880இல் மெய்ஜி பேரரசர் இங்கே இளைப்பாறியபோது அவருக்காகச் செய்த மேசை இன்னும் இருக்கிறது. ஆனால் கண்ணை இழுப்பது நடுக்கூடத்தில் தரையோடு அமைந்த இரோரி அடுப்புதான். இன்றும் அதில் நெருப்பு மூட்டுகிறார்கள். புகை மேலே ஏறி உத்தரங்களில் படிந்து பூச்சி அரிக்காமல் காக்கிறது. மரம் முழுவதும் கருத்துப் பளபளக்கிறது. குளிர்கால மதியத்தில் உயரத்திலுள்ள கம்பிச்சட்டச் சாளரம் வழியாகத் தாழ்ந்த வெயில் நுழையும்போது, புகையில் பட்டு ஒவ்வொரு கதிரும் தனித்தனிக் கோடாகச் சாய்ந்து நிற்கும். அருகில் சப்பணமிட்டு உட்கார்ந்தால் உடுப்பெல்லாம் புகை மணக்கும்.

நாகோயாவிலிருந்து விரைவு இரயிலில் ஒரு மணி நேரம் வந்து, நாகிசோவில் இறங்கி, பத்து நிமிடம் பேருந்தில் போனால் சுமாகோ. ஆனால் மாகோமேயில் தொடங்கி நடந்து வருவதே நல்லது. எட்டுக் கிலோமீட்டர்தான், பழைய சாவடிக் குதிரை ஒன்று நடந்த அதே தூரம். கணவாயின் உயரம் சுமார் 790 மீட்டர். மாகோமேயே மேட்டில் இருப்பதால் அந்தப் பக்கமிருந்து வந்தால் ஏற்றம் குறைவு. வழியில் கரடியை விரட்ட மணிகள் தொங்குகின்றன. வெட்கப்படாமல் பலமாக அடித்துவிட்டுப் போகலாம். கணவாயைத் தாண்டி இறங்கினால் இச்சிகோக்குதொச்சி என்ற இடத்தில் பழைய தேநீர் வீடு. நடந்து வருகிறவர்களுக்கு அங்கே தேநீர் கொடுக்கிறார்கள். 1749 முதல் 1869 வரை அந்த இடத்தில் மரச் சோதனைச் சாவடி இருந்தது. ஊரைவிட்டு வெளியே போகும் ஒவ்வொரு மரத்துண்டையும் முத்திரை இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தார்கள்.

சுமாகோவில் இரவு தங்குவதாக இருந்தால் முன்பதிவு தேவை. விடுதிகள் சில, அறைகள் மிகக் குறைவு. பிற்பகல் நான்கு மணியோடு வண்டித் தடை விலகுகிறது, ஐந்துக்குள் கடைகள் அடைக்கப்படுகின்றன, கடைசிப் பேருந்து போய்விடுகிறது. விடுதிக்காரர் ஆறு மணிக்கே சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிடுவார். சாப்பிட்டுவிட்டு மரக்காலணியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தால், காகித விளக்கின் வெளிச்சத்தில் யாரோ ஒரு வீட்டுக்காரர் தன் சிறிய லாரியைப் பின்னோக்கி எடுத்து, நாளைக்கு வேண்டிய விறகைத் திண்ணையோரம் இறக்கிக்கொண்டிருப்பார்.